சால்வையின் பின்பக்கம்

கேப்டன் சம்மட்டிக்கு வகிடு எந்தப் பக்கம் என்று கேட்டால், மயாமியில் சின்னப் பிள்ளைகூட இடப்பக்கம் என்று சொல்லிவிடும். வெர்னா டில்லிஸ் மட்டும் வலப்பக்கம் என்பாள். இத்தனைக்கும் ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த வீரனுக்கு வண்ணம் பூசியே சம்பளம் வாங்குகிறவள். அவள் தெரியாமல் சொல்லவில்லை. அவள் பார்த்த சம்மட்டிக்கு வகிடு வலப்பக்கம்தான்.

கார்ட்டூன் கம்பெனியில் வேலை அப்படி. கண்ணாடித்தாளின் முன்பக்கத்தில் ஒருத்தி மைக்கோடு இழுப்பாள். மை காய்ந்ததும் தாளைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில் இன்னொருத்தி வண்ணம் பூசுவாள். அப்போதுதான் கோடு மறையாமல் மேலே நிற்கும். கோடு இழுக்கிறவளுக்குப் படம் நேராகத் தெரியும். வண்ணம் பூசுகிறவளுக்கு இடவலம் மாறித்தான் தெரியும். ஒரு மேசைக்கு ஒரு நிறம். முகமும் கையும் முதல் மேசை, நீல உடுப்பு அடுத்த மேசை, மூன்றாவது மேசை வெர்னாவுடையது. சம்மட்டியின் தோளிலிருந்து தொங்கும் சால்வை முழுக்க அவள் பொறுப்பு. அரக்குச் சிவப்பைத் தவிர வேறு கிண்ணம் அவள் மேசையில் கிடையாது.

சம்மட்டியைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயமும் கிடையாது. பகலில் அவன் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் லிஃப்ட் ஓட்டுகிறவன். ஊருக்கு ஆபத்து என்று தெரிந்ததும் லிஃப்டை இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிறுத்திவிட்டு, கூரையைத் திறந்து ஏறி, சால்வையைப் போட்டுக்கொண்டு பறந்துவிடுவான். அணை உடையும், ரயில் தொங்கும், பைத்தியக்கார விஞ்ஞானி ஒருவன் சிரிப்பான். எல்லாவற்றையும் படம் ஓடுகிற ஏழு நிமிஷத்துக்குள் சரி செய்தாக வேண்டும். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தப் படத்திலும் சொன்னதில்லை. வெர்னா ஒருமுறை கதை எழுதுகிறவர்களிடம் கேட்டாள். அவர்கள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அவளுக்கு வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. நெட்டையான உருவம், முகம் பூராவும் வெயில் புள்ளிகள், ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவர் மாதிரியான குரல். கம்பெனி நியூயார்க்கிலிருந்து மயாமிக்கு வருவதற்கு முன்னால், சுற்றுலா வருகிறவர்களுக்காகக் கிளிஞ்சலில் பூநாரை வரைந்துகொண்டிருந்தாள். தங்கை ஓலாவின் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையில் குடியிருந்தாள். அந்த ஓலாவின் புருஷன், கல்யாணத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை தோறும் கொய்யா மிட்டாய் பொட்டலத்தோடு வீட்டுக்கு வருவான். தனக்காகத்தான் வருகிறான் என்று நினைத்து வெர்னா தலையில் பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். அவன், "ஓலா இருக்காளா?" என்று கேட்டான். அன்றிலிருந்து வாசலுக்கு எது வந்தாலும் அது இன்னொருத்திக்கு வந்தது என்றே அவள் எடுத்துக்கொள்வாள். அப்படி எடுத்துக்கொண்டால் அவமானம் இல்லை, அவ்வளவுதான்.

மாடியில் படம் வரைகிறவர்களில் நேதன் ஃபிங்கல் என்று ஒருவர். நியூயார்க்கில் பிரான்க்ஸ் பகுதிக்காரர், நாற்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. பெரிய ஓவியர்கள் சம்மட்டி கையை ஓங்குவதை ஒரு தாளிலும், குத்து விழுவதை இன்னொரு தாளிலும் வரைந்து கொடுத்துவிடுவார்கள். கை ஓங்கிய இடத்திலிருந்து விழுந்த இடம் வரை போக வேண்டாமா? நடுவில் வர வேண்டிய படங்களை எல்லாம் ஃபிங்கல்தான் வரைவார். எதையும் அவராக ஆரம்பித்ததில்லை, எதையும் அவராக முடித்ததில்லை. பேச்சும் அப்படித்தான். "அது வந்து..." என்பார், மீதியைக் கேட்டவர்களே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அவர் தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் வண்ண அறைக்கு வந்து வெர்னாவின் மேசை ஓரம் நிற்பார். "காஞ்சிடுச்சா?" என்று கேட்பார். "இல்ல" என்பாள். மயாமியின் ஈரக்காற்றில் எந்த வண்ணமும் சீக்கிரம் காயாது, எத்தனை குளிர்சாதனம் வைத்தாலும். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு போய்விடுவார். வெர்னாவுக்கு நேர் பின்னால் கார்மெலாவின் மேசை. கார்மெலா மைக்கோடு இழுக்கிறவள், இருபத்திரண்டு வயது, சிரித்தால் கன்னத்தில் குழி விழும். ஃபிங்கல் யாரைப் பார்க்க வருகிறார் என்று வெர்னா ஒரு நாளும் குழம்பியதில்லை. அவர் பார்க்க வசதியாகத் தன் நாற்காலியைக்கூட ஒருமுறை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். மறுநாள் அவரும் அந்தப் பக்கமே நகர்ந்து நின்றார். கால் வலி போலிருக்கிறது என்று அவள் விட்டுவிட்டாள்.

அந்த வருஷம் யுத்தம் வந்து செலவு இறுகியதில், கம்பெனி பாதிப் பேரை நியூயார்க்குக்குத் திருப்பி அனுப்புவதென்று முடிவானது. சனிக்கிழமை ரயிலில் போகிறவர்களில் ஃபிங்கலும் ஒருவர். உள்ளூர்ப் பெண்களுக்கு இன்னும் ஒரு படம் வேலை இருந்தது, அப்புறம் கிளிஞ்சல்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்த தாள்கட்டிலிருந்து ஒரு தாளைக் கவிழ்த்துப் போட்டுத் தூரிகையைத் தோய்த்த வெர்னா, தோய்த்தபடியே நின்றுவிட்டாள். சம்மட்டி அணையை முதுகு கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தான். அவன் சால்வையின் மடிப்புகளுக்குள் மெல்லிசாக எழுத்துகள் இருந்தன. 'என்னைக் கட்டிக்கிறீங்களா? நே. ஃபிங்கல்.'

அவள் தாளைத் திருப்பி முன்பக்கம் பார்த்தாள். வெறும் மடிப்பு. கவிழ்த்தால் எழுத்து. தூரிகை நுனியிலிருந்து ஒரு சொட்டு மேசையில் விழுந்தது.

நெஞ்சு அடித்துக்கொண்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு நிமிஷம்தான். அதற்குள் அவள் புத்தி வழக்கமான பாதைக்கு வந்துவிட்டது. ஃபிங்கல் பென்சிலில் வரைந்ததை மையில் எடுத்தவள் கார்மெலா. ஆக, மனுஷன் கார்மெலாவைத்தான் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் கவனிக்காமல் மடிப்போடு மடிப்பாக இழுத்துத் தள்ளிவிட்டிருக்கிறாள். நாளைக்கு ரயில். இப்போது வெர்னா வண்ணம் பூசினால் அந்தக் கேள்வி யாருக்கும் தெரியாமல் போய்விடும். அவள் பூசும்வரைதான் அது எழுத்து, பூசிவிட்டால் மடிப்பு. திரையில் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

பூசிவிடலாமே என்றும் தோன்றியது. அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் நியூயார்க்குக்குப் போய்விடுவார், கார்மெலாவுக்குத் தெரியப் போவதில்லை, அன்று ஓலாவுக்காகத் திறந்த கதவு மாதிரி இன்னொரு கதவைத் தானே திறந்துவிட வேண்டிய அவசியமும் இல்லை. தூரிகையை மறுபடி தோய்த்தாள். பிறகு கீழே வைத்துவிட்டு, தாளை இரண்டு ஓரமும் பிடித்து எடுத்துக்கொண்டு பின் மேசைக்குப் போனாள்.

கார்மெலா ஒரு விஞ்ஞானியின் மூக்குக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். வெர்னா தாளைக் கவிழ்த்து அவள் முன்னால் வைத்து, உனக்கு வந்தது, கவனிக்காமல் விட்டுவிட்டாய், சாயந்திரத்துக்குள் பதில் சொல்லிவிடு, கேமராக்காரர்கள் கேட்கிறார்கள் என்றாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கார்மெலா படித்தாள். கன்னக்குழி விழவில்லை.

"இதா? இத நான் மடிப்புன்னுல்ல நெனச்சேன். அந்தாளு எப்பவும் மடிப்பு ஜாஸ்தியாப் போடுவாரு" என்றாள். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி கவிழ்த்துப் பார்த்தாள். "மிஸ் வெர்னா, இது எனக்கு இல்ல."

"உன் கையாலதான கோடு இழுத்திருக்க?"

"இழுத்தேன். ஆனா படிக்கலியே. ஏன் படிக்கல? திருப்பி எழுதியிருக்காரு. நான் முன்பக்கத்துக்காரி. எனக்கு எழுதறவன் எதுக்குத் தலையால தண்ணி குடிச்சுத் திருப்பி எழுதணும்? இது பின்பக்கத்துலேர்ந்து படிக்கிறவங்களுக்கு எழுதுனது."

முதல் மேசையில் முகம் பூசுகிற பெண்ணுக்காக இருக்கலாமே என்றாள் வெர்னா.

"அவ முகம் பூசறவ. அவளுக்குன்னா மூஞ்சில எழுதியிருப்பாரு. இது சால்வைல இருக்கு. சால்வைய இந்தக் கம்பெனில பின்பக்கமிருந்து பாக்குறது யாரு?" கார்மெலா பேனாவைக் கீழே வைத்தாள். "வண்ணம் காஞ்சா என்ன, காயாட்டி என்ன, நடுப்படம் வரையறவருக்கு அதுல என்ன வேல? ஒரு வருஷமா தெனமும் வந்து கேட்டுட்டு நிக்கிறாரு. நீங்களும் இல்ல, இல்லன்னே சொல்றீங்க. பாவம், மனுஷன் அதையே பதில்னு எடுத்துக்கிட்டாரோ என்னவோ."

தாளில் கைரேகை படாமலிருக்கப் போட்ட கையுறையில், தூரிகை பிடிக்க வெட்டி விட்டிருந்த இடத்தில் வெர்னாவின் இரண்டு விரல்கள் அரக்குச் சிவப்பாக நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சம்மட்டி மேல் வைத்துக்கொண்டாள். பிறகு தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

வரைகிறவர்கள் அறைக்குப் பெண்கள் போவதில்லை. கூடாது என்று யாரும் சொன்னதில்லை, போனதில்லை, அவ்வளவுதான். அவள் உள்ளே போனதும் பென்சில் சத்தமெல்லாம் நின்றது. ஃபிங்கல் ஜன்னலோரத்தில் ஓர் அட்டைப் பெட்டியில் தன் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவளையும் அவள் கையில் இருந்ததையும் பார்த்தார். எழுந்து நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"மிஸ்டர் ஃபிங்கல்" என்றாள் வெர்னா. அந்தக் குரலுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அறை முழுக்கக் கேட்டது. "இதுல நடுவுல ஒரு எழுத்து திரும்பிக் கிடக்கு."

அவர் வந்து தாளைக் குனிந்து பார்த்தார். ஆமாம், ஒரு எழுத்தை மட்டும் திருப்பிப் போட மறந்திருந்தார்.

"அது வந்து..." என்றார். "அழிச்சிட்டு வேற வரைஞ்சு தரட்டுமா?"

"வேணாம். மத்தபடி சரி."

ஃபிங்கல் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "சரின்னா... எழுத்தா, விஷயமா?"

"விஷயம்" என்றாள் வெர்னா.

யாரோ ஒருவர் பென்சிலைக் கீழே போட்டார். ஃபிங்கல் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். 'அது வந்து' என்பதைக்கூட அவரால் தாண்ட முடியவில்லை. மீதியை வெர்னாவே நிரப்பிக்கொண்டாள். நாளைய ரயிலில் இன்னொரு இடம் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னாள், கிடைக்காவிட்டால் நீங்களும் இருந்து அடுத்த ரயிலில் என்னோடு வாருங்கள் என்றும் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அந்தத் தாளை நினைவுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார். ஒரு தாள் குறைந்தால் திரையில் சால்வை துள்ளும் என்றாள் வெர்னா. அவருக்கும் அது தெரியும். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கீழே வந்து மேசையில் தாளைக் கவிழ்த்துப் போட்டாள். இது வரை அவள் வண்ணம் கோட்டைத் தாண்டியதில்லை, அன்று இரண்டு இடத்தில் தாண்டியது. துடைத்துவிட்டு மறுபடி பூசினாள். சந்தோஷமாக இருந்தது, இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. சால்வையின் மேல் முனையிலிருந்து ஆரம்பித்து, ஒரு மடிப்பும் விடாமல், கேள்வியை ஒவ்வொரு எழுத்தாக மூடிக்கொண்டு வந்தாள். கேமராக்காரப் பையன் வாசலில் வந்து நின்று, ஆச்சா, ஆச்சா என்றான். கடைசியில் அவர் பெயர் மட்டும் மிச்சமிருந்தது. வெர்னா தூரிகையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, கொஞ்சம் வெளியே நில் என்று அவனிடம் சொன்னாள்.