லேசான வேலை

மூட்டுவாதத்துக்கென்று தனியாகப் படித்தவள் நான் என்றால் என் மாமியாரே இன்னும் நம்புவதில்லை. "எலும்பு டாக்டர்தானே?" என்பார். ஆம்பூரில் கிளினிக் திறந்த புதிதில் லாரியில் அடிபட்டவர்கள்கூட என்னிடம் வந்தார்கள். நான் பார்க்க வேண்டியவர்கள் மட்டும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவள் ஒருத்திதான் வேளையோடு வந்தாள். முப்பது வயதிருக்கும். கம்பெனியில் தையல் மெஷின் வேலை, கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள். காலையில் விரலை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது என்றாள். கணுக்கள் வீங்கியிருந்தன, ஆனால் ஒரு விரல்கூடக் கோணவில்லை. இந்தக் கையைக் காப்பாற்றிவிடலாம் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வாரம் ஒருநாள் போடும் மாத்திரையை எழுதினேன். தவறாமல் போட்டாள். மூன்று மாதத்தில் வீக்கம் பாதி வடிந்தது.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். கைக்கு ஓய்வு வேண்டுமே என்று, அவள் கேட்காமலேயே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூட்டுவாதம், சில மாதங்களுக்கு லேசான வேலை கொடுக்கவும். கையெழுத்து, முத்திரை எல்லாம் போட்டேன். எனக்கு அவ்வளவு பெருமை.

"கண்டிப்பா குடுக்கணுமா டாக்டரம்மா?" என்று தயங்கினாள்.

"குடும்மா, ஒண்ணும் ஆகாது."

தையல் லைனில் லேசான வேலை என்று ஒன்று கிடையாது. வலியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் அங்கே வேலை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இது, படித்த எனக்குத்தான் தெரியவில்லை. உடம்பு சரியானதும் வா என்று அந்த வாரமே அவளை அனுப்பிவிட்டார்கள். கூட வேலை செய்தவள் வந்து சொன்னாள். கம்பெனிக்குப் பேசினேன். "உடம்பு முக்கியம் இல்லையா மேடம்?" என்று என்னையே கேட்டார்கள். அவளைக் கூப்பிட்டேன், போனை எடுக்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து வந்தாள். முகம் உப்பியிருந்தது, மெடிக்கலில் வாங்கிப் போட்ட ஸ்டீராய்டு மாத்திரையின் வேலை. முந்தானைக்குள் வைத்திருந்த கைகளை நீட்டச் சொன்னேன். விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து, நடுவில் மடங்கிக் கிடந்தன.

"இப்ப என்னம்மா வேலை செய்யுற?"

"வூட்லயே அப்பர் தைக்கிறேன்."

ஷூவின் மேல்தோலைக் கை ஊசியால் தைப்பது அது. ஒவ்வொரு தையலுக்கும் நூலைப் பலங்கொண்ட மட்டும் இழுக்க வேண்டும். மெஷினிலேயே இருந்திருந்தால் கைக்கு இதில் கால்வாசி பாரம்கூட வந்திருக்காது.

"ஏன் மாத்திரைய நிறுத்துன? என்கிட்ட வந்திருக்கலாம் இல்ல?" என்று கத்தினேன். யார்மேல் கோபம் என்று எனக்குத் தெரியும்.

"வந்தா மறுபடியும் இன்னாவாவது எழுதிக் குடுப்பீங்கன்னு பயந்துட்டேன்," என்றாள் மெதுவாக. "நீங்க நல்லதுக்குதான் செஞ்சீங்க டாக்டரம்மா. ஊசி புடிக்கிற ரெண்டு வெரலு மட்டும் நிமிந்தா போதும்."

நிமிராது என்று சொல்ல வாய் வரவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம் என்றேன்.

"எப்ப நிமிரும்னு அதுல தெரிஞ்சிடுமா?"

"தெரிஞ்சிடும்," என்றேன்.