விஸ்கி டம்ளரில் ஒரு மக்ரூன்

குடியைப் பற்றி எழுதுகிறாயே, வெட்கமில்லையா என்று கடிதம் போடப் போகிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். மதுவிலக்கை எடுத்தாகிவிட்டது. என் வீட்டில், என் டம்ளரில், போன ஞாயிறு மதியம் நடந்ததைச் சொல்கிறேன்.

லூர்து என் எதிர்வீட்டுக்காரன். பேக்கரியில் மக்ரூன் போடுகிறவன்; முட்டை வெள்ளைக்கருவைக் கோபுரமாய் நுரைக்க அடித்து, முந்திரித் தூள் சேர்த்துச் சுடுவார்களே, அது. கப்பல் வேலைக்கான அனுமதிப் புத்தகம் வாங்கி மூன்று வருஷமாகப் பெட்டியில் வைத்திருக்கிறான். ஏற்றிக்கொள்ளத்தான் கப்பல் இல்லை.

நான் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தா. போன வாரம் வந்த கப்பலில் சாப்பாட்டுப் பொறுப்பைப் பார்க்கிற சீஃப் ஸ்டூவர்ட் டிசூசா, கோவாக்காரர், என்னிடம் ஆள் கேட்டார். சமையலறையில் ஒத்தாசை செய்ய வேண்டும், ஆபீசர்களுக்கு காக்டெயில் கலக்க வேண்டும். லூர்து பெயரைச் சொன்னேன். அவனுக்குக் கலக்கத் தெரியுமா? தெரியாது. தெரியும் என்றேன்.

"அப்படியா? ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கே வந்து குடித்துப் பார்க்கிறேன்" என்றுவிட்டார் மனுஷன்!

எப்போதோ ஒரு மாலுமி கொடுத்த காக்டெயில் புத்தகம் என்னிடம் இருந்தது. நான் படிக்க, லூர்து கலக்க... நான்கு நாள் ஒத்திகை. விஸ்கி ஒரே பாட்டில் என்பதால் பால் விடாத டீயில்தான் எல்லாம்.

முதலில் ஓல்ட் ஃபேஷன்ட். அந்த விஸ்கிக் கலவைக்கு பிட்டர்ஸ் என்று ஒரு கசப்புச் சாறு வேண்டுமாம். மருந்துக்கடையில் கேட்டேன். "வயித்துக்கா அண்ணாச்சி?" என்று கஷாயத்தை நீட்டினான். போய்யா என்று வந்துவிட்டேன். கசப்புக்கு நார்த்தங்காய்த் தோல், சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி. சோடா தவிர எதைச் சேர்த்தாலும் விஸ்கிக்குத் துரோகம் என்று பேசுகிற பெரிய மனிதர்கள் அதைக் குடித்துவிட்டுப் பேசட்டும்.

அடுத்தது விஸ்கி சவர். எலுமிச்சை, சர்க்கரை, விஸ்கி, கொஞ்சம் முட்டை வெள்ளைக்கரு. எல்லாவற்றையும் ஐஸோடு தூக்குவாளியில் போட்டு, மூடிக் குலுக்க வேண்டும். முட்டை என்று படித்ததுமே லூர்து கையை உதறினான்.

"அத விடுங்க அண்ணாச்சி. முட்ட அடிக்க எனக்கே சொல்லித்தாரியளா? பன்னெண்டு வருசமா அதத்தான செய்யுதேன்!"

நியாயம்தானே? ஒத்திகையில் முட்டையை விட்டுவிட்டோம்.

ஞாயிறு. டிசூசா வந்தார். கருப்பட்டி ஓல்ட் ஃபேஷன்டை ஒரு வாய் குடித்தார்... புருவம் உயர்ந்தது. இன்னொரு வாய். லூர்து என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு உள்ளே போனான்.

கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளேயிருந்து டக் டக் டக் என்று ஓயாமல் சத்தம். குலுக்குகிற சத்தமா அது?

டம்ளரோடு வந்தான். கீழே இரண்டு விரல்கடை விஸ்கி. அதற்கு மேலே வெள்ளை வெளேரென்று ஒரு நுரைக் கோபுரம், உச்சியில் சுழிப்போடு. டிசூசா டம்ளரைச் சாய்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. இன்னும் சாய்த்தார். மூக்கில் ஒட்டியதுதான் மிச்சம்.

"ஏலே! குடிக்கதுக்குக் கேட்டா அடுப்புல வைக்கதுக்குக் கொண்டாந்திருக்க!" என்று கத்தினேன்.

"கை நிக்கல அண்ணாச்சி..." லூர்து தலையைச் சொறிந்தான். "முட்டையக் கண்டா அது பாட்டுக்கு அடிக்கு."

தெரியாத வேலையை நாலு தடவை கேட்டுச் செய்கிறோம். தெரிந்த வேலையில்தான் யோசிக்க மறந்துவிடுகிறோம். மூன்று வருஷம் காத்திருந்த கப்பல், கண்ணெதிரே நுரையில் மூழ்கிக்கொண்டிருந்தது.

டிசூசா மூக்கைத் துடைத்தார். ஸ்பூன் கேட்டார். கோபுரத்தைச் சாப்பிட்டு முடித்து, அடியிலிருந்த விஸ்கியை மடக்கென்று குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேக்குக்கும் இப்படி அடிப்பானா?"

"அடிப்பான்" என்றேன். இந்தத் தடவை பொய் இல்லை.

"விஸ்கியை நானே கலந்துகொள்வேன். கேக் போட என் கப்பலில் ஆளில்லை. அவனுடைய கப்பல் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

நாளை மறுநாள் லூர்து கப்பலேறுகிறான். பயல் ஒரு முட்டை போதும் என்ற இடத்தில் ஆறு முட்டை உடைத்திருக்கிறான். இரண்டு நாளாக என் வீட்டில் வெள்ளையே இல்லாத ஆம்லெட்!