காதுக்கு மேலே ஒரு சொட்டை

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போதுதான் ரோசரி அதைப் பார்த்தாள். இரண்டு வயது டோரிஸுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வலது காதுக்கு மேலே வந்ததும் சீப்பு பிடிப்பில்லாமல் வழுக்கியது. முடியை விலக்கினால் ஐம்பது காசு அகலத்துக்கு வெறும் தோல். புண் இல்லை, படை இல்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில், எழுபத்தாறாம் வருடம் நடந்தது இது. ரோசரி பால்மரம் சீவுகிறவள். புருஷன் மத்தியாஸ் லாரியோடு போனால் திரும்ப ஒரு வாரம் ஆகும். விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுவாள். மத்தியானம் திரும்பியதும் செம்பருத்தி இலையைக் கசக்கி மகளின் தலையை அலசி, எண்ணெய் தொட்டுக் காயவிடுவாள். அவள் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது அந்தச் சுருட்டை முடி ஒன்றுதான்.

கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட காத்தாயி, டோரிஸின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே எப்போதோ சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. "இம்புட்டு முடி உனக்கெதுக்குடி, எனக்குக் கொடேன்" என்று பிள்ளையைக் கொஞ்சியிருந்தாள். அன்று சிரித்த ரோசரி இன்று மகளின் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் கட்டிக்கொடுத்த காத்தாயியின் மகளுக்கு வருஷங்களாகியும் பிள்ளை இல்லை. பிள்ளை உண்டாகக் குழந்தை முடியை வைத்து என்னென்னவோ செய்வார்கள் என்று, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பேச்சு உண்டு.

மறுநாள் பிள்ளையைத் தூக்கப் போனபோது, பால் டின்களுக்குப் பின்னால் ஒரு காகிதப் பொட்டலம் தெரிந்தது. பிரித்தாள். டோரிஸின் சுருட்டை முடி. பழையபடி மடித்து வைத்துவிட்டு, காத்தாயியிடம் ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டாள். ஆனால் தண்ணீர்க் குழாயடியில், காத்தாயி பிள்ளை முடியை எடுக்கிறாள் என்று பக்கத்து வீட்டுப் பெட்ரீசியாவிடம் சொல்லிவிட்டாள். இருட்டுவதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துபோனது. மறுநாள் இரண்டு தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைக் கொட்டகைக்கு அனுப்பவில்லை.

அதற்கடுத்த நாள், காய்ச்சல் என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் சொல்லிவிட்டு, ரோசரி பெரட்டிலிருந்து திரும்பிக் கொட்டகையின் பலகைச் சுவரோரம் நின்றாள். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். இடுக்கு வழியே பார்த்தாள்.

காத்தாயி அடுப்பங்கரையில் பால் கலக்கிக்கொண்டிருந்தாள். டோரிஸ் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது; அம்மா போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது. அழவில்லை. விரல் மெல்ல மேலே போய், காதோர முடியைச் சுற்றியது, இழுத்தது. பிடுங்கியதை வாயில் வைத்தது.

ரோசரி உள்ளே ஓடுவதற்குள் காத்தாயி வந்துவிட்டாள். பிள்ளையின் வாயை விரலால் துழாவி முடியை எடுத்தாள். நிமிர்ந்தால் வாசலில் ரோசரி.

"எத்தனை நாளா இப்படி, அக்கா?"

"ஒரு வாரம் இருக்கும். நீ போனதும் இதே வேலைதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டுருவே. அப்புறம் என்னத்தைத் தின்பீங்க? டிரசர் வந்தா காட்டலாம்னு எடுத்து வச்சிருந்தேன்லா."

ரோசரி உள்ளே வந்தாள். அப்படியே உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். முடி உள்ளே போய்ச் சேர்ந்தால் ஆபத்து, பிடுங்க ஒன்றும் இல்லாமல் செய்துவிடு என்றார். முடி வெட்டும் ஐயாவு அன்றைக்கே மொட்டை அடித்தான். ரோசரி பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பின் காலையில் தன் பழைய தலைத்துண்டைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் போனாள். டோரிஸ் அதன் நுனியை முறுக்கிக்கொண்டே கிடந்தது.

பெட்ரீசியா வீட்டுக்கும் அந்த இரண்டு வீடுகளுக்கும் ரோசரியே போய், தான் சொன்னது பொய் என்று சொன்னாள். ஒருத்தி பிள்ளையைத் திரும்ப அனுப்பினாள். இன்னொருத்தி, "எதுக்கும் இருக்கட்டும்" என்று மாமியாரிடமே விட்டுவைத்தாள். காத்தாயி ரோசரியைத் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு டோரிஸின் தலையில் அவள் எண்ணெய் வைத்ததே இல்லை. "நீயே வச்சுக்க" என்று புட்டியை நகர்த்திவிடுவாள்.

ஒரு வருஷத்தில் முடி அடர்த்தியாக வளர்ந்தது. டோரிஸுக்கு எதுவும் நினைவில்லை. ஆனால் அவள் பள்ளிக்கூடம் போகும் வயதிலும், படித்துக்கொண்டிருக்கும்போது கை சும்மா தலைப்பக்கம் போனால் போதும், ரோசரி செய்துகொண்டிருந்ததைப் போட்டுவிட்டு வந்து மகளின் விரல்களை விரித்துப் பார்ப்பாள்.