பதினோரு வருடம் நன்மை வாங்காத எங்கள் அப்பா

எங்கள் அன்பு அப்பா ஆண்டவரிடம் போய் இன்றோடு ஒரு வருடம் நிறைகிறது. இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய என் வணக்கம். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை. அதை மட்டும் பயந்து பயந்து பல தடவை சரிபார்த்துவிட்டேன்.

அப்பாவை நடுவீட்டில் கிடத்தியிருந்த அன்று, வாசல் பந்தலில் சிலர் பேசியது என் காதில் விழுந்தது.

"கோவிலுக்கு வருவாரு, பூசையில நன்மை அப்பம் மட்டும் வாங்க மாட்டாரு. என்ன பாவம் பண்ணாரோ."

"கூடப் பொறந்தவனையே பகைச்சிக்கிட்டவரு, சாமிய மட்டும் விட்டு வெப்பாரா?"

நாங்கள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே பேசினார்கள். அவர்களும் இன்று இந்த மலரை வாங்கியிருப்பார்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அப்பா உப்பளம் பேட்டையில் பிறந்தார். வீட்டில் இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவரான எங்கள் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய் பென்ஷனோடு திரும்பினார். அப்பாவுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. அதனால் பட்டாளத்தில் எடுக்கவில்லை. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தார். கம்பெனி வாசலுக்கு மோர் விற்க வந்தவர்தான் எங்கள் அம்மா. பக்கத்து ஊரில் நிலம் வைத்துப் பயிர் செய்த இந்துக் குடும்பம் அவருடையது. ஒரு வருடம் ஞானோபதேசம் படித்து, ஞானஸ்நானம் வாங்கி, கோவிலில் தாலி கட்டிக்கொண்டார். அம்மா வீட்டார் பல வருடம் பேசவில்லை. அப்பா வீட்டார் பேசினார்கள். பேசாமலே இருந்திருக்கலாம்.

அப்பா செபம் செய்வது செபம் போலவே இருக்காது. முகச்சவரம் செய்யும்போதும் சட்டைக்குப் பித்தான் போடும்போதும் ஆண்டவரிடம் பேசிக்கொண்டே இருப்பார். "இன்னைக்கும் அந்த சூப்பர்வைசர் மூஞ்சில முழிக்கணும். என் வாயை நீதான் கட்டி வெக்கணும்" என்பார். அம்மா உள்ளேயிருந்து கேட்பார்: "பொண்டாட்டிகிட்ட என்னைக்காவது இவ்ளோ பேசியிருக்கீங்களா?"

"நீ பதில் பேசுவியே. அவரு பொறுமையா கேட்டுக்கறாரு."

அம்மா இறந்தபோதுதான் எல்லாம் கெட்டது. உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் தாத்தா காலத்துக் குடும்பக் கல்லறை இருக்கிறது. அதைத் திறக்க மூத்தவர் சம்மதம் வேண்டும். அப்பா போய்க் கேட்டார். பெரியப்பா எங்கள் வீட்டுக்கே வந்து, அம்மாவின் உடலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்.

"அது நம்ம குடும்பத்துக் கல்லறைடா. ஞானஸ்நானம் வாங்கிட்டா வம்சம் மாறிடுமா?"

"அண்ணே, உன் பேரையும் சேத்து தினம் செபமாலை சொன்னவ அவ."

"சொல்லட்டும். படுக்கறது வேற எடத்துல படுக்கட்டும்."

மதில் ஓரமாக இருந்த பொதுவிடத்தில் அம்மாவைப் புதைத்தோம்.

அடுத்த ஞாயிறு பூசையில் எல்லாரும் ஆண்டவரின் உடலாகிய நன்மையை வாங்க வரிசையில் போனார்கள். அப்பா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் பதறிப்போய்க் கேட்டேன். "அண்ணன் மேல இவ்ளோ கோவத்த வெச்சிக்கிட்டு, அவரை எப்பிடிம்மா நாக்குல வாங்குறது?" என்றார்.

கோவிலின் பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து சொல்லிப் பார்த்தார். "மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க, போதும்."

"வாயால சொல்லலாம் சாமி. உள்ள இருக்கறது அவருக்குத் தெரியுமே. தெரிஞ்சவருகிட்ட பொய் சொன்னா பழக்கமே கெட்டுப்போயிடும்."

பதினோரு வருடம் ஒரு ஞாயிறு பூசைகூட அப்பா தவறவிடவில்லை. பதினோரு வருடமும் நன்மை வாங்கவில்லை. தினமும் காலையில் சவரக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்வார்: "அண்ணனுக்கு நல்லது செய்யுன்னு கேக்க இன்னைக்கும் வாய் வரல. நாளைக்குப் பாக்கறேன்." அவர் ஆண்டவரோடு ஒட்டி இருந்தது அப்படித்தான். நன்மை வாங்கிய வாய் காயும் முன்னே கோவில் வாசலில் புறணி பேசியவர்களை எனக்குத் தெரியும். அப்பா பசியோடு உட்கார்ந்திருந்தார். அவரைத்தான் நீங்கள் பாவி என்றீர்கள்.

பிறகு சிறுநீரகம் கெட்டுப்போய்ப் படுத்துவிட்டார். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாமியாரைக் கூப்பிடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நன்மை வாங்காமலே போய்விடுவாரோ, ஊர் பேசியது நிஜமாகிவிடுமோ என்று ஒரே பயம்.

அந்த நேரத்தில் பெரியப்பா போன் செய்தார். "உங்கப்பாவுக்கு நம்ம கல்லறையில எடம் இருக்கு. அவன அங்க வெச்சிடலாம்" என்றார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மத்தியானம் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது நான் பொய் சொன்னேன். "அப்பா, பெரியப்பா போன் பண்ணாரு. அம்மா விஷயத்துல தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடச் சொல்லுன்னாரு. அழுதாருப்பா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் தண்ணீர் இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அழுதாருன்னு சொன்ன பாரு, அங்க மாட்டிக்கிட்ட. பெத்த தாய் செத்தப்பவே அவன் அழுவல."

"பயத்துல சொல்லிட்டேன்பா."

"இரு. நான் ஒரு நிமிஷம் நம்பிட்டேன். நம்புனவுடனே, அண்ணே வந்துட்டியான்னு உள்ளேர்ந்து ஒண்ணு எழுந்து ஓடுச்சு. அப்ப இந்தக் கோவம் எங்க போச்சுன்னு தேடிப் பாக்கறேன், காணோம்." மூச்சு வாங்கினார். "சாமியார சீக்கிரம் வரச் சொல்லு. திரும்ப வந்துடப் போவுது."

சாமியார் ஓடி வந்தார். பாவங்களை அவரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, ஒரு ஸ்பூன் தண்ணீரோடு அப்பா நன்மை வாங்கினார். "என்னை உங்கம்மாகூடப் போடு" என்று என்னிடம் சொன்னார். நாலாம் நாள் போய்விட்டார். சொன்னபடியே அம்மாவின் குழியைத் திறந்து அதிலேயே வைத்தோம்.

டயாலிசிஸுக்குத் தன் ஆட்டோவிலேயே கூட்டிப்போன எதிர்வீட்டு அண்ணனுக்கும், ஒரு வார்த்தை குறை சொல்லாமல் துணி மாற்றிய நர்ஸ் அக்காவுக்கும், கம்பெனி நண்பர்களுக்கும், செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்த சாமியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பந்தலில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரியப்பாவுக்கு ஒன்று. அடக்கத்துக்குப் பெரிய மாலையோடு வந்தீர்கள். "நான் எடம் தரேன்னு சொன்னப்புறம்தான் அவன் மனசு மாறி நன்மை வாங்கினான்" என்று நாலு பேரிடம் சொன்னீர்கள். அது பொய். நடந்ததை மேலே எழுதியிருக்கிறேன். அப்பா உங்களை மன்னித்தது அப்பாவுக்கும் ஆண்டவருக்கும் உள்ள விஷயம். நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆண்டவரிடமும் இதை மறைக்கவில்லை.

உங்கள் பெயரில் நான் பொய் சொன்னதைச் சாமியாரிடம் பாவமாகச் சொல்லிவிட்டேன். 'தப்பு பண்ணிட்டேன்' என்ற அந்த வார்த்தை மட்டும் இன்னும் உங்கள் வாயிலிருந்து வரவில்லை. இன்று பூசை முடிந்ததும் எல்லாரும் கல்லறைக்குப் போகிறோம். மதில் ஓரம்தான், உங்களுக்கு இடம் தெரியும். வந்து அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். மாலை வேண்டாம்.