விளையாடப் போனவன்

எங்கள் தோட்டத்து மாதா கோயில் முற்றத்தில், நீல நிற ட்ராக் சூட்டில் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்ற அந்தக் காலைதான் அண்ணனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருகிறது. லுணுகலைப் பக்கத்து மலையில் அன்று மூட்டம் கீழே இறங்கியிருந்தது. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். பிறகு மெனேஜர் கையைத் தூக்கிச் சைகை காட்ட, பன்னிரண்டு பேரும் நெஞ்சில் கை வைத்துத் தேசிய கீதம் பாடினார்கள். மற்றப் பொடியன்களின் வாய் அசைந்தது, கண்கள் மெனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தன. அண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்கப் பாடினான். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மா அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

தூரத்து நாடொன்றின் பெரிய நகரத்தில் அந்த வருடம் உலகப் போட்டிகள் நடக்கவிருந்தன. ஓட்டம், நீச்சல், மல்யுத்தம் என்று எல்லா விளையாட்டும் ஒரே ஊரில். அந்த நகரம் தயாராவதைத் தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டினார்கள். அப்போதுதான் பதுளையிலிருந்து ஒரு வெள்ளை வேனில் மெனேஜர் வந்தார். அவருடைய பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, எல்லாருக்கும் அவர் மெனேஜர்தான். பெரிய போட்டி நடக்கும் நாட்களிலேயே அதே நகரத்தில் ஒரு சிநேகபூர்வ கரப்பந்துப் போட்டியும், அதாவது வொலிபோல், உண்டு, மலையகத்திலிருந்து ஓர் அணியைக் கூட்டிப் போகிறேன் என்றார்.

எங்கள் தோட்டத்து மைதானம் சரிவின் ஓரத்தில் இருக்கிறது. பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைக்குள் உருண்டு நேரே ஓடைக்குப் போய்விடும். அதனாலேயே எங்கள் பொடியன்கள் பந்தை வெளியே விடாமல் ஆடப் பழகியவர்கள், அவர்களில் அண்ணன்தான் கெட்டிக்காரன். ஆனால் மெனேஜர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. வேனில் சாய்ந்தபடி முகங்களைப் பார்த்தார், யார் வீட்டில் எத்தனை பேர் என்று விசாரித்தார். பந்தையே தொடாத கடைப் பொடியன் ஒருவனும் அணியில் சேர்ந்தான். வரிசையில் நிற்கவும், கீதம் பாடவும், கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும்தான் பயிற்சி நடந்தது. அண்ணன் விடியற்காலையில் எல்லாரையும் எழுப்பித் தானே பயிற்சி கொடுக்கப் பார்த்தான். இரண்டு நாள் வந்தார்கள், பிறகு சிரித்துவிட்டு நின்றுவிட்டார்கள். மற்ற வீடுகளில் நகை அடகுக்குப் போனது. எங்கள் வீட்டில் மட்டும் மெனேஜர் ஒரு சதமும் கேட்கவில்லை. "நல்லா விளையாடுறவன், இவன்கிட்ட வாங்கக் கூடாது" என்றார். அப்பா இல்லாத வீடு என்று இரக்கப்படுகிறார் என அம்மா நினைத்துக்கொண்டாள்.

எதற்காக அந்த இரக்கம் என்பது கொழும்பில் அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே அதிகாரி சந்தேகத்தோடு விளையாட்டைப் பற்றிக் கேள்வி கேட்டாராம். மெனேஜர் அண்ணனை முன்னால் தள்ளிவிட்டார். யார் எங்கே நிற்பார்கள், பந்தை எடுத்துக் கொடுப்பது யார், புள்ளி எடுத்ததும் இடம் எப்படி மாறும் என்று அண்ணன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். அதிகாரி சிரித்துவிட்டார். அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதை நம்பித்தான் பன்னிரண்டு பேருக்கும் விசா கொடுத்தார்கள்.

அந்த நகரத்தைப் பற்றி அண்ணன் சொன்னதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். விமான நிலையத்தில் ஒரே நிறச் சட்டை போட்ட தொண்டர்கள் பூக் கொடுத்து வரவேற்றார்கள். தெருவெல்லாம் கொடி. சுவர்களுக்குப் புதுச் சாயம். பிச்சை எடுப்பவரோ நடைபாதையில் படுத்திருப்பவரோ ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை, அவர்களையெல்லாம் எங்கே கொண்டுபோனார்களோ என்று அவனுக்குத் தோன்றியதாம். ஊரின் விளிம்பில் ஒரு விடுதியில் தங்கவைத்து, பத்திரமாக வைக்கிறேன் என்று பாஸ்போர்ட்டுகளை மெனேஜர் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் அண்ணன் கண் விழித்தபோது அறையில் அவன் மட்டும்தான் இருந்தான். மற்றக் கட்டில்களில் கழற்றிப் போட்ட நீல ட்ராக் சூட்டுகள் கிடந்தன. மெனேஜரின் போன் அணைந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் விஷயம் புரிந்து அவனும் எங்கேயாவது ஓடியிருப்பான். அண்ணன் குளித்து, ட்ராக் சூட்டைப் போட்டுக்கொண்டு, மைதானத்தைத் தேடிக் கிளம்பினான். மற்றவர்கள் தன்னை விட்டுவிட்டு முன்னாலேயே போய்விட்டார்கள் என்று நம்பினான், அல்லது நம்ப விரும்பினான். தொண்டர்கள் சிரித்த முகத்தோடு அவனை ஒரு மண்டபத்திலிருந்து இன்னொரு மண்டபத்துக்கு அனுப்பினார்கள். கடைசியில் ஒரு பெண் அதிகாரி கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு போட்டியே இல்லை என்றாள். "கொஞ்ச நேரம் இங்க இருந்து பாக்கலாமான்னு கேட்டேன்" என்று அண்ணன் எங்களிடம் சொன்னான். பலகை போட்ட தரையும் வெளிச்சமுமாக அந்த மண்டபம் அப்படி இருந்ததாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொலிஸ் வந்தது.

பேருந்து நிலையத்தில் மூன்று பேர் பிடிபட்டார்கள். அவர்களோடு அண்ணனையும் சில வாரம் அடைத்துவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். மற்றவர்கள் எங்கெங்கோ ஒளிந்து வேலை செய்வதாகப் பிறகு போன் பேசினார்கள். எங்களுக்குக் கீழே உள்ள வரிசை வீடுகளான கீழ் லயத்தில் இருந்த அத்தையின் மகன் மட்டும் பேசவேயில்லை. அண்ணனோடு சின்ன வயதிலிருந்து பந்து ஆடியவன் அவன்.

அண்ணன் ஊருக்குள் வந்த அன்றே லயத்தில் கதவுகள் சாத்திக்கொண்டன. இவன்தான் காட்டிக்கொடுத்தான் என்று பேச்சு. காசு வாங்காமல் கூட்டிப் போனதே அதற்குச் சாட்சியாகிவிட்டது. பைப்படியில் அம்மாவின் குடத்தை ஒதுக்கி வைத்தார்கள். கொழுந்து நிறுக்குமிடத்தில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. மழை பெய்யும்போது கூரைத் தகரத்தில் கல் விழும், சத்தம் மழையில் கரைந்துவிடும். மைதானத்து வலையை யாரோ அறுத்துப் போட்டிருந்தார்கள். அண்ணன் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டான்.

ஊர் திரும்பிய மெனேஜரைப் பொலிஸ் பிடித்து, பிணையில் விட்டது. அதன் பிறகு அந்த வெள்ளை வேன் சில சாயங்காலங்களில் எங்கள் லயத்துக்கு மேலே ரோட்டில் வந்து நிற்கத் தொடங்கியது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் இறங்க மாட்டார்கள். சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விடும். பதுளைக் கோர்ட்டில் சாட்சி சொல்ல அண்ணனுக்கு அழைப்பு வந்தது. சொன்னால் வெளிநாட்டில் ஒளிந்திருக்கும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள் என்று மற்ற வீட்டுக்காரர்கள் வந்து எச்சரித்தார்கள். போகவே வேண்டாம் என்று அம்மா காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். அண்ணன் போவதா இல்லையா என்று யாரிடமும் சொல்லவில்லை.

வழக்குக்கு முந்தைய நாள், வேலை விட்டு வந்த கையோடு, கொழுந்துக் கூடையைக்கூட இறக்கி வைக்காமல் கீழ் லயத்து அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைத் தாண்டி அண்ணனைப் பார்த்தாள்.

"எல்லாரும் ஒன்ன சொல்லாதேங்கிறாங்க தம்பி. அவங்க புள்ளைங்க போன் பேசுறாங்க, அவங்களுக்குப் பயம். எனக்கு யாரு இருக்கா? நீ எம்புள்ள பேர அங்க சொல்லு. பேரு எழுதினாத்தான தேடுவாங்க."

மறுநாள் முதல் பஸ்ஸில் நாங்கள் நாலு பேரும் பதுளைக்குப் போனோம். அத்தை அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கோர்ட்டில், யார் யார் போனீர்கள் என்று கேட்டபோது அண்ணன் நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு பெயரையும் அவரவர் ஆடும் இடத்தோடு சேர்த்துச் சொன்னான். ஆடவே தெரியாத கடைப் பொடியனுக்கும் ஓர் இடம் கொடுத்தான். யாரோ சிரித்தார்கள். அத்தை மகனின் பெயரை மட்டும் இரண்டு தரம் சொன்னான், அப்பா பெயரோடு. பின் வரிசையில் அத்தை எழுந்து நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

வெளியே படிக்கட்டில் மெனேஜர் எங்களைக் கடந்து போனார். கோபமே இல்லாத முகம். அண்ணனின் தோளில் கை வைத்து, "தூதரகத்துலயும் இப்படித்தான் நல்லாப் பேசுன. வேற ஊர்லயும் போட்டி வரும் தம்பி, ஆள் இல்லாமலா போகும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. நான் பதுளையில் வேலை பார்க்கிறேன், அண்ணன் ஒரு பேக்கரியில் மாப் பிசைகிறான். வழக்கு தவணை தவணையாக இழுத்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு நாட்டில் இன்னொரு நகரம் இப்போது கொடி கட்டிக்கொண்டிருக்கிறது. பசறைப் பக்கத் தோட்டமொன்றில் யாரோ வந்து பொடியன்களைத் தேடுவதாகப் போன வாரம் கேள்விப்பட்டு, அண்ணன் வேலைக்கு லீவு போட்டு அங்கே போனான். வீட்டுக்கு வீடு நடந்ததைச் சொல்லியிருக்கிறான். கேட்டவர்கள் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார்களாம்.

கோர்ட்டிலிருந்து திரும்பிய அன்று பஸ்ஸில் அத்தை அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஊர் எப்படி இருந்தது என்று கேட்டாள். "அழகா இருந்துச்சு அத்தை. வழி கேட்டா கூடவே வந்து காட்டுனாங்க" என்றான் அண்ணன். அப்படியென்றால் தன் பிள்ளைக்கும் யாராவது காட்டியிருப்பார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டாள். பெயர் எழுதிக்கொண்டதில் அவளுக்கு ஓர் ஆறுதல். தோட்டத்துச் சந்தியில் இறங்கியதும், அம்மாவோடு முன்னால் நடந்து தன் லயத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அவள் மறையும்வரை அண்ணன் நடக்காமல் நின்றான். பிறகுதான் என்னிடம் அதைச் சொன்னான். அந்த நாட்டுப் பொலிஸிடம் சொல்லியிருக்கிறான், அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. இங்கே கோர்ட்டில், பின் வரிசையில் நிற்பவளைப் பார்த்துக்கொண்டு அவனுக்கு வாய் வரவில்லை. அன்று காலை அந்த அறையில் மற்ற எல்லாரும் ட்ராக் சூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அவள் மகனிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடி. அது கட்டிலுக்கு அடியில், காலுறையை உள்ளே சுருட்டி வைத்தபடி, அப்படியே இருந்ததாம். வெளியே ஓடுகிறவன் அந்த ராத்திரிக் குளிரில் வெறுங்காலோடு ஓடுவானா என்று அண்ணன் என்னைக் கேட்டான்.

அத்தைக்கு இது இன்றுவரை தெரியாது.