கூடாரத்துல யாருங்க?

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். கூட இருந்தது என் புருஷன் வெண்டல். தேதி அக்டோபர் ஒன்பது. அன்றிலிருந்து நான் அந்த மலைப்பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

ஐடஹோ மலையில் அரசாங்கக் காடு அது. பதினான்கு நாள்வரை எங்கே வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம். குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது, பக்கத்தில் மனுஷ வாடையும் கிடையாது. வெண்டல் மண்பாதையின் கடைசிவரை டிரக்கை விட்டான். அங்கே ஓடைக்கரையில் யாரோ எப்போதோ கல் வைத்துக் கட்டிய அடுப்பு இருந்தது. அதன் பக்கத்திலேயே கூடாரம் அடித்தான். மடக்கு நாற்காலிகளை விரித்தான். மூன்று.

"ரெண்டு பேருக்கு எதுக்கு மூணு? உங்கம்மாவும் வர்றாங்களா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.

"ட்ரூடி, உங்கிட்ட பதினோரு வருஷமா ஒண்ண மறைச்சிட்டேன்," என்றான்.

எங்கள் மலைகளில் யாருடைய கூடாரத்துக்கும் திடுதிப்பென்று போய் நிற்க மாட்டோம். முக்கால்வாசிப் பேரிடம் துப்பாக்கி இருக்கும். அதனால் வெளிச்சத்துக்கு வெளியே நின்று குரல் கொடுப்போம். உள்ளே இருப்பவர் 'வாங்க' என்றால்தான் அடியெடுத்து வைப்போம். சொல்லாவிட்டால் வந்த வழியே போய்விட வேண்டியதுதான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், மான் வேட்டைக்கு வந்தபோது, இதே அடுப்பருகே அப்படி ஒரு குரல் கேட்டதாம். வெண்டலும் அவன் சிநேகிதனும் நல்ல போதையில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தைக் கெடுக்க எவனோ வந்துவிட்டான் என்று விளக்கை அணைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். குரல் கொஞ்ச நேரம் கூப்பிட்டது. அப்புறம் நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து, கீழே இருக்கும் பள்ளத்திலிருந்து வழிதவறிப்போன ஒரு மனிதரின் உடலைத் தூக்கி வந்தார்கள்.

"ஒரே ஒரு 'வாங்க' சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாருடி. நான்தான் கொன்னேன்."

அவன் தூக்கத்தில் அலறியதற்கும், ஒரே நாளில் குடியை விட்டதற்கும் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோபம் வந்தது. அதைவிடப் பாவமாகவும் இருந்தது. ஒரு ராத்திரி விளக்கை அணைக்காமல் இங்கே உட்கார்ந்திருந்தால் மனது ஆறும் என்றான். சரி என்றேன்.

மணி 7:50. நன்றாக இருட்டிவிட்டது.

"கூடாரத்துல யாருங்க...? வரலாமா...?"

பள்ளத்திலிருந்து வந்தது. ஆண் குரல். நான் காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எவனோ வேட்டைக்காரன்," என்றேன்.

வெண்டல் எழுந்து நின்றான். "வாங்க! காபி இருக்கு! தாராளமா வாங்க!"

பதில் இல்லை. காலடிச் சத்தமும் இல்லை. சுற்றிலும் காய்ந்த சருகு. அணில் ஓடினால்கூடக் கேட்கும்.

7:54.

"கூடாரத்துல யாருங்க...? வரலாமா...?"

இந்த முறை எங்கள் முதுகுக்குப் பின்னால், மேட்டிலிருந்து. பள்ளத்திலிருந்து அங்கே ஏற அரை மணி நேரமாவது ஆகும். குரலில் மூச்சிரைப்பு இல்லை. அதே ராகம். அதே இழுப்பு.

வெண்டல் விளக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். நான் அவன் சட்டையைப் பிடித்துத் தொங்கினேன்.

"போகாதே."

"விடு. மறுபடியும் அவரைச் சாகவிட மாட்டேன்."

"அவர் செத்துட்டாருடா!"

7:58. கூடாரத்துக்குப் பின்னால்.

"வரலாமா...?"

"வாங்க," என்றான் வெண்டல். அழுதுகொண்டே. "வந்து உட்காருங்க."

ஓடைச் சத்தம் நின்றது.

கிறீச்...

மூன்றாவது நாற்காலி. துணி மெதுவாகக் கீழே இறங்கியது. யாரோ உட்கார்ந்ததுபோல்.

வெண்டல் அதன் முன்னால் மண்டியிட்டான். "மன்னிச்சிடுங்க," என்றான்.

மிகப் பக்கத்தில்...

"சரி."

விடியும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. 6:40க்குத் திறந்தபோது நாற்காலி காலி. வெண்டல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். முகம் தெளிந்திருந்தது. பதினோரு வருடத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

இறங்கும் வழியில் வனக்காவலர் ஹோலிஸ் வண்டியை நிறுத்தி நலம் விசாரித்தார். அன்று அந்த உடலைத் தூக்கி வந்தவர்களில் அவரும் ஒருவர். மனது லேசாகியிருந்த வெண்டல் பழைய கதையை அவரிடம் கொட்டிவிட்டான். சீட்டாட்டம், குரல், அணைத்த விளக்கு, எல்லாவற்றையும்.

ஹோலிஸ் அவன் தோளைத் தட்டினார்.

"அட மடையா, இதையா இத்தனை வருஷமா சுமந்துக்கிட்டுத் திரிஞ்சே? அது அவரே இல்லப்பா. அந்த மனுஷனுக்குத் தொண்டையில புத்துநோய். குரல்வளையையே எடுத்துட்டாங்க. ஒரு வார்த்தை பேச முடியாது. கூப்பிடணும்னா ஆட்டறதுக்குக் கையில ஒரு மணி எடுத்துக்கிட்டுத்தான் காட்டுக்கு வருவாரு. நீ மணிச் சத்தம் கேட்டியா?"

"இல்ல... கூப்பிட்டாங்க."

"அப்ப அவரில்ல. நிம்மதியாப் போ."

சொல்லிவிட்டுச் சிரித்தவர், வெண்டலின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். மேலே மலையைப் பார்த்தார். எங்கள் டிரக்கைப் பார்த்தார்.

"அந்தக் குரலை நாங்களும் கேட்டிருக்கோம்," என்றார் மெதுவாக. "நாங்க யாரும் வாயைத் திறந்ததில்ல. நேத்தும் அது கூப்பிட்டுச்சா...? நீ பதில் ஏதும் சொல்லலையே?"