அக்கா சொல்லாத பொய்

இந்த நினைவு மலரின் அட்டையில் நீங்கள் பார்ப்பது எங்கள் அக்காவின் கல்யாணப் படம். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளுக்காக, இருந்த படங்களில் இதில்தான் அம்மா அழகாக இருக்கிறார் என்று அவருடைய பிள்ளைகள் தேர்ந்தெடுத்தார்கள். கன்னம் நிறைந்து முகம் வட்டமாக இருக்கும். இதைப் போட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். காரணம் கேட்டார்கள். எழுதித் தருகிறேன் என்றேன். எண்பதைத் தாண்டிவிட்டேன், இனித் தள்ளிப்போடத் தெம்பில்லை.

அக்கா பிறந்தது கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் ஒரு சிற்றூரில். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்கும் அம்மாவுக்கும் நாங்கள் இருவர்தான் பிள்ளைகள். அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. மார்கழிப் பனியிலும், களத்தில் நெல் தூற்றும் நாட்களிலும் மூச்சு விசிலடிக்கும். அதனால் படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆனால் வாய் நிற்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா என்று அம்மா கேட்டால், காட்டாத நாளில் காட்டவில்லை என்றுதான் சொல்வார். திட்டு வாங்கிக்கொண்டு போய்க் காட்டுவார். ஊரில் அவருக்கு வாய்க்காரி என்று பெயர்.

அக்காவின் இழுப்பைப் பார்த்துத்தான் நான் மூச்சைப் பற்றிப் படிக்கப் போனேன் என்று உறவினர்கள் சொல்வதுண்டு. அது உண்மையில்லை. சென்னையில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது, போனேன். அறுபதுகளின் பின்பாதி அது. மூச்சு விடு என்று உடம்புக்குள்ளிருந்து கட்டளை இடுவது எது, அந்தக் கட்டளை எப்போது தளர்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. முயலின் மூச்சு, புகை படிந்த தாளில் ஊசிமுனையால் மேலும் கீழுமாகக் கோடு போடும். என் நகமெல்லாம் கரி. ஊருக்குப் போனால் அக்கா கையைப் பிடித்துப் பார்ப்பார். “படிச்சவன் நகத்தப் பாரு, அடுப்பு ஊதுனவளாட்டம் கீது” என்பார். நான் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவன் அல்லன். ஆனாலும் ஊரார் என்னை மூச்சு டாக்டர் என்றார்கள். நான் மறுக்கவில்லை.

பிறகு எங்கள் வேலை ஸ்டீராய்டு மருந்துகளின் பக்கம் திரும்பியது. அவற்றைக் கொடுத்தால் மூச்சு எப்படி மாறுகிறது என்று பார்த்தோம். எலிகளுக்கு வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, கடைசியில் அவற்றின் சிறுநீரகத்தின் மேல் குல்லாய்போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியை எடுத்து நிறுப்பது என் வேலை. உடம்புக்கு வேண்டியதை அந்தச் சுரப்பிதான் இயல்பாகச் சுரக்கிறது. வெளியிலிருந்து மருந்தாக வந்துகொண்டே இருந்தால் அது தூங்கிவிடும், சுருங்கிவிடும். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அது எழுந்திருக்காது. அப்படி நிறுத்திய எலிகள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சற்றுக் குளிரில் வைத்தால் போதும், படுத்துவிடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று என் கையாலேயே ஆய்வேட்டில் எழுதியும் இருக்கிறேன்.

அக்காவுக்கு வந்த வரன்கள் இழுப்பைக் கேள்விப்பட்டதும் நின்றுபோயின. ஒரு பனிக்காலத்தில் மிகவும் முடியாமல் போய், சென்னையில் ஒரு மருத்துவரிடம் காட்டினேன். அவர் சில நாட்களுக்கு மட்டும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்கா மூச்சு விட்டார். அப்படி அவர் மூச்சு விட்டு நான் பார்த்ததே இல்லை. அந்த நாட்கள் முடிந்த பிறகும் நானே மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கேட்க ஆளில்லை, வீட்டில் நான்தான் டாக்டர்.

மாதங்கள் போகப் போக அக்காவின் முகம் உருண்டது. அந்த மருந்தை நீண்ட நாள் தின்றவர்களுக்கு வரும் வீக்கம் அது. எனக்குத் தெரியும். ஊருக்கு அது ஊட்டமாகத் தெரிந்தது. பெண் பூசினாற்போல் ஆகிவிட்டாள் என்று அம்மாவிடம் வந்து சொன்னார்கள். அக்கா ஒருநாள் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்:

“டேய், இந்த மூஞ்சி என்துதானாடா?”

நான் சிரித்தேன்.

அத்திப்பட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் கன்னத்தைத் தொட்டு, நல்லா வளர்த்திருக்கிறீர்கள் என்றார். பிறகு, பெண்ணுக்கு நோய் நொடி ஏதும் உண்டா என்று கேட்டார். நைனா என்னைப் பார்த்தார். உள்ளேயிருந்து அம்மாவும் பார்த்தார்.

“ஒன்னுமில்லீங்க. நான் டாக்டரு, சொல்றேன்” என்றேன்.

அவ்வளவுதான். அந்தக் கல்யாணம் அந்த ஒரு வார்த்தையின் மேல் நடந்தது. மறைப்பதற்கு அக்கா சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளையிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்று அம்மாவிடம் மன்றாடினார். தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் அம்மாவுமாக அடக்கினோம். புறப்படும்போது ஒரு பொட்டலம் மாத்திரையைக் கையில் கொடுத்து, யார் கண்ணிலும் படாமல் தின்னச் சொன்னேன். திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. மறந்துபோகவில்லை. சொல்லியிருந்தால் அவர் பயந்து கணவரிடம் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

புகுந்த வீட்டுக்குப் போன முதல் வாரமே அக்கா அந்தப் பொட்டலத்தை உப்பங்கழியில் வீசிவிட்டார். அந்த வீட்டில் சோறு தின்றுகொண்டு ஒளித்துத் தின்ன மனம் வரவில்லை என்று பின்னால் சொன்னார்.

மேலும் சில வாரங்கள் கழித்து, மாமா, அதாவது அக்காவின் கணவர், நான் வேலை செய்த கல்லூரிக்கே தேடிக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் உப்பு. அக்காவை ஓர் உப்பு லாரியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருந்தார்.

“இன்னான்னே புரில தம்பி. ரெண்டு நாள் ஜுரம், வாந்தி. அவ்ளோதான். இப்போ கண்ணே தொறக்க மாட்டேன்றா” என்றார்.

எனக்கு உடனே புரிந்தது. போகும் வழியெல்லாம் எனக்கு எலிகள்தான் நினைவுக்கு வந்தன.

பணியில் இருந்த மருத்துவர் இளைஞர். ரத்த அழுத்தம் ஏன் இப்படி இறங்கிக் கிடக்கிறது என்று குழம்பிப்போய், ஏதாவது மாத்திரை தின்றுகொண்டிருந்தாரா என்று கேட்டார். மாமா இல்லை என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மாமாவின் முன்னால் சொன்னால் அக்காவை எங்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் பயந்தது என் பெயர் கெட்டுவிடும் என்றுதான்.

மாமாவை மருந்து வாங்க வெளியே அனுப்பினார்கள். அவர் தலை மறைந்ததும் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊசிக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அவரு வெளிய போற வரைக்கும் காத்துக்கினு இருந்தீங்களா?”

அவ்வளவுதான் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை.

ஊசி ஏறிய பிறகு அக்கா கண் விழித்தார். மாமா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். நீ இல்லையென்றால் இவள் இல்லை என்றார். நான் கையை உருவிக்கொள்ளவில்லை. மூச்சு டாக்டர் அக்காவைப் பிழைக்க வைத்தார் என்ற கதை அன்று பிறந்தது. இந்த மலரைப் படிக்கும் பலரும் அதை நம்பித்தான் ஒவ்வொரு விசேஷத்திலும் என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தீர்கள்.

எழுந்து உட்கார முடிந்த அன்றே அக்கா மாமாவிடம் சொல்லிவிட்டார். என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். “எனக்குச் சின்ன வயசுலேருந்து இழுப்பு. மாத்திர துன்னுகினு இருந்தேன். நான்தான் மறைச்சேன். எங்க ஊட்ல யாருக்கும் இதுல பங்கில்ல. தம்பியாண்ட நான் சரியாப்பூடுச்சின்னு சொல்லிட்டேன்.”

அவர் வாழ்க்கையில் சொன்ன பொய் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அது எனக்காகச் சொன்னது.

பிறகு தனியாக ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். “ஒன்ன இழுத்தா நைனாவும் கூட வருவாரு. அந்த மனுசன் ஒன்ன வச்சித்தான் நிமிந்து நடக்கிறாரு. நான் ஒருத்தியே போதும்டா. திட்டுனாலும் சோறு போடுவாங்க” என்றார்.

சோறு போட்டார்கள், திட்டவும் செய்தார்கள். பொய் சொல்லிக்கொண்டு வந்தவள் என்ற பெயர் அந்த வீட்டில் அவருக்கு நிலைத்தது. சாவி தொலைந்தாலும், பால் திரிந்தாலும் அதைச் சொல்லிக் காட்டுவார் மாமியார். வாய்க்காரி என்று நாங்கள் அறிந்த அக்கா அத்திப்பட்டில் வாய் பேசாதவராக வாழ்ந்தார். மாத்திரையை மருத்துவர்கள் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். முகம் வடிந்தது, இழுப்பு திரும்பியது. அந்த மூச்சோடுதான் மூன்று பிள்ளைகளைப் பெற்றார், நாற்று நட்டார், நிலத்தில் ஒரு பகுதி கையைவிட்டுப் போனபோது மாமாவுக்குத் தைரியம் சொன்னார், படுக்கையில் விழுந்த அதே மாமியாரை இரண்டு வருடம் குளிப்பாட்டி ஊட்டினார். நான் ஆராய்ச்சி முடித்துப் பட்டம் வாங்கினேன். ஓய்வு பெறும்வரை மாணவர்களுக்கு அந்தச் சுரப்பியைப் பற்றிப் பாடம் நடத்தினேன்.

கடைசி மாதங்களில் அக்காவுக்கு ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். “மூச்சு வாங்குது எனக்கு. நீ வேற பழச எடுத்துக்கினு வராத, பேஜாரா கீது” என்றார். நானும் விட்டுவிட்டேன். விட்டுவிடச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மாமாவிடம் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். கோபப்படவில்லை.

“பெரியவனுக்குக் கொயந்தையில இழுப்பு வந்திச்சே, அப்போ நான் அவள ஒன்னு கேட்டேன். நீ சொல்லாம கொண்ணாந்த சீக்குதானே இதுன்னு கேட்டேன். ஒரு தபாதான் கேட்டேன். அவ ஒன்னுமே சொல்லல. நான் இப்போ அத யாராண்ட போய்ச் சொல்றது, தம்பி?”

என் பாரத்தை இறக்கி வைப்பதாக நினைத்துப் போனேன். அவர் மடியில் வைத்துவிட்டு வந்தேன்.

எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது, எங்கள் அத்திப்பட்டு ஜனங்களும் படிக்கட்டும் என்றார்.

கடைசிவரை உடனிருந்து பார்த்துக்கொண்ட பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும், அன்று வழியில் எங்கும் நிறுத்தாமல் ஓட்டிவந்த, பெயர் கேட்காமல் விட்டுவிட்ட அந்த லாரிக்காரருக்கும், அந்த இளம் மருத்துவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்திப்பட்டு உறவினர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று: உங்கள் வீட்டுக்கு வந்த மருமகள் உங்களிடம் எதையும் மறைக்க நினைக்கவில்லை. மறைத்தவன் நான். இனி அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.